திருப்பி மாட்டிய கண்ணாடி

குன்னூர் மவுண்ட் ரோட்டுக்கு மேலே, நாற்பது படி ஏறிப் போகும் ஓட்டு வீடொன்றில் மயில்சாமி ஒரு மனைவியோடும் பதினொரு லென்ஸ்களோடும் குடியிருந்தார். மனைவி சாந்தாமணி வீடு முழுக்க நடமாடினாள். லென்ஸ்கள் கூடத்து மூலையில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கறுப்பு அலமாரிக்குள் இருந்தன. மின்சாரத்தில் ஓடும் அலமாரி அது. உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். கதவின் மேல் பச்சை எழுத்தில் 45 என்று எரிந்துகொண்டிருக்கும். நாற்பத்தைந்து விழுக்காடு ஈரம். லென்ஸுக்கு அதுதான் சுகம். வெளியே குன்னூரில் பாதி வருஷம் அது தொண்ணூறுக்குக் குறையாது. சுவரில் மாட்டிய காலண்டர்கூட நமுத்துத் தொங்கும் ஊரில், காய்ந்த இடம் என்று அந்த வீட்டில் இருந்தது அந்த அலமாரி ஒன்றுதான்.

"எம் பட்டுச் சேலை ரெண்டையும் அதுக்குள்ள வெச்சுக்கறனுங்க" என்று சாந்தாமணி வருஷத்துக்கு ஒரு முறை கேட்பாள்.

"நூலுப் பிசிறு கண்ணாடில ஒட்டிக்கும் சாந்தா" என்பார் அவர். கோபமாகச் சொல்ல மாட்டார். தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்று சொல்வதுபோலச் சொல்வார்.

மயில்சாமிக்கு ஐம்பத்தேழு வயது. காரமடையிலிருந்து மலையேறி வந்த அவருடைய அப்பா கீழ்க் குன்னூர் பஜாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்தார். இப்போது அதை மயில்சாமி பார்த்துக்கொள்கிறார். பல்பு, வயர், ஹீட்டர் காயில் எல்லாம் கிடைக்கும். மகள் கலைமதி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு ஒரு கேமரா வாங்கி வந்தாள். மற்றவர்களாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு பூ, மலை, ரயில் என்று சுட்டுத் தள்ளியிருப்பார்கள். மயில்சாமி முதல் வேலையாக லென்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எதிர்மலையும் தைல மரங்களும் வானமும் தலைகீழாக, ஒரு பொட்டு அளவில், அந்தக் கண்ணாடிக்குள் நின்றன. அதோடு அவர் மாட்டிக்கொண்டார். இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அவருக்குப் படம் எடுப்பதைவிடப் பார்ப்பதுதான் பிடிக்கும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து லென்ஸின் வளையத்தை மெதுவாகத் திருப்புவார். ஒன்றுமில்லாத வெளுப்பிலிருந்து ஒரு கிளை எழுந்து வரும். பிறகு அதன் இலை. பிறகு இலை நுனியில் நிற்கும் துளி. இன்னும் கொஞ்சம் திருப்பினால் எல்லாம் திரும்ப வெளுப்புக்குள் அமிழ்ந்துவிடும். மொட்டைமாடியில் நின்று ஒரு மணி நேரம்கூட இப்படியே செய்வார். பொத்தானை அழுத்துவது அவருக்கு அபூர்வம். புது லென்ஸ் வந்தால் மட்டும் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் சுவரைப் படம் எடுத்து, ஓரம் மங்குகிறதா, நடு கூர்மையாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பார். அவர் எடுத்த படங்களில் முக்கால்வாசி அந்தச் சுவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சிம்ஸ் பூங்கா வாசலில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். எல்லாரும் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்கள். அவர்களில் பொன்ராஜும் ரேகாவும் மயில்சாமிக்கு நெருக்கம். பொன்ராஜ் டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழைய கேமராவைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவான். ரேகா கொலக்கம்பை பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். அவளிடம் ஒரு கேமரா, ஒரு லென்ஸ். பை கிடையாது, மஃப்ளரில் சுற்றி எடுத்து வருவாள். லென்ஸ் மூடி தொலைந்து வருஷக்கணக்காகிறது. கண்ணாடியில் பனி படிந்தால் ஸ்வெட்டர் கையால் துடைத்துவிடுவாள். அப்போதெல்லாம் மயில்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

"இந்த மூட்டத்துல நான் பெட்டியத் தெறக்க மாட்டன் அம்மிணி" என்பார் அவர். "கண்ணாடிக்குப் பூஞ்சை வந்துதுன்னா முடிஞ்சுது."

"அப்படிப் பாத்தா நீங்க வெயிலடிக்கற ஊர்ல பொறந்திருக்கோணுங்கண்ணா. இங்க மூட்டந்தான இருக்குது, படம் புடிக்க?"

"பூஞ்சை வந்தா வித்துப்போட்டு வேற வாங்கறதுங்க" என்பான் பொன்ராஜ். "இதுக்குப் போயி எதுக்கு இத்தன வெசனம்?"

மூவரும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்றுக்கொண்டதில்லை.

போன நவம்பரில் புயல் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தது. மவுண்ட் ரோட்டில் இரண்டு மரங்கள் மின்கம்பியோடு சாய்ந்தன. நான்கு நாள் கரண்ட் இல்லை. மயில்சாமி விடிந்ததும் கடைக்குப் போய், ஊருக்கெல்லாம் டார்ச்சும் பேட்டரியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது அலமாரியின் பச்சை எழுத்து அணைந்து கிடக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வீடெல்லாம் தேடி உள்ளே போட்டார். மூட்டம் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் வந்து, நாற்காலிகளுக்கு நடுவே ஆளைப்போல நின்றது.

கரண்ட் வந்து மூன்று வாரம் கழித்து, அவர் ஒவ்வொரு லென்ஸாக எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து சுத்தமாக இருந்தன. பதினொன்றாவது, கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த ரஷ்ய லென்ஸ். முழுக்க உலோகம், கையில் வைத்தால் ஒரு சின்ன எடைக்கல் கனம். அதன் முன் கண்ணாடியின் உள் ஓரத்தில் வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. பெரணி இலை விரிவதுபோல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீண்டிருந்தன.

அவர் அதை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, மற்ற லென்ஸ்களுக்குத் தொற்றாமல் சமையலறை ஜன்னலில் தனியே வைத்தார்.

"அதையென்ன ஊட்ட உட்டுத் தள்ளி வெச்சிட்டீங்களா?" என்றாள் சாந்தாமணி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் பூங்காவுக்குப் போகவில்லை. ஊருக்கெல்லாம் பூஞ்சையைப் பற்றிப் பாடம் நடத்தியவர் வீட்டிலேயே பூஞ்சை என்பதை எந்த வாயால் சொல்வது?

மூன்றாவது வாரம் ரேகா கடைக்கே வந்தாள். டிஸ்பென்சரியில் ஊசி, கத்தரி கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் காயில் போய்விட்டதாம். காயிலைத் தேடி எடுத்துக் கொடுத்த மயில்சாமி, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

ரேகா சிரிக்கவில்லை. "எத்தன நாளா இருக்குதுங்கண்ணா?" என்றாள், நோயாளியின் வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல.

"பத்துப் பன்னண்டு நாளாத்தான் கண்ணுக்குத் தெரியுது."

"பரவுதா?"

"தெனமும் வெயில்ல காட்டறன். நின்னாப்பல இருக்குது."

"உள்ள இருக்கறதுக்கு வெளிய வெயில் காட்டி என்ன ஆகுமுங்க? கழட்டித் தொடைங்க. புண்ணுக்குப் போடற பெராக்சைடு இருக்குதில்ல, அது போதும். மருந்துக்கடைலயே கிடைக்கும்."

ஒன்பது வருஷத்தில் மயில்சாமி எந்த லென்ஸையும் பிரித்ததில்லை. கடையில் மிக்சி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போடுவார். லென்ஸைப் பிரிப்பதை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போட்டார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, நல்ல வெயில் கூடத்துக்குள் விழுந்திருந்த நேரத்தில், மேஜைமேல் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்தார். சாந்தாமணி எதிரே உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை வைத்து அழுத்தித் திருகியதும் முன்வளையம் கழன்றது. உள்வளையத்தில் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள். கலைமதியின் பழைய ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த கவராயத்தை அரத்தால் தேய்த்து வைத்திருந்தார். அதன் இரு முனையும் இரு பள்ளத்தில் உட்கார்ந்தன. வளையம் ஒரு முறை முனகிவிட்டுச் சுழன்றது. கண்ணாடி வழுக்கி அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. வெளிப்பக்கம் எது என்று மறக்காமல் இருக்க, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

பஞ்சில் மருந்தை நனைத்துத் துடைத்தார். வெள்ளை இழைகள் கரைந்து போயின. கூடவே புள்ளியும் போயிற்று.

"அடடா" என்றார் மயில்சாமி. கண்ணாடியின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மறு பக்கம் அவ்வளவு இல்லை. "சாந்தா, இது எந்தப் பக்கம் பாத்து இருந்துது?"

"தொப்பை வெளியதானுங்க இருக்கும்?"

"இல்ல இல்ல. உள்ளதான் இருந்தாப்டி ஞாபகம்."

"அப்பறம் என்னைய எதுக்குக் கேக்கறீங்க?"

புடைப்பை உள்ளே வைத்து மாட்டினார். வளையங்களைத் திருகினார். லென்ஸைக் கேமராவில் பொருத்தி, எதிரே டார்ச்சை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்த சாந்தாமணியின் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தார்.

முதலில் வெளுப்பு. வளையத்தைத் திருப்பத் திருப்ப, அதற்குள்ளிருந்து அவள் மூக்குத்தி எழுந்து வந்தது. பிறகு கண், நெற்றிப் பொட்டு, காதோரம் நரைத்த மயிர். அவள் முகம் மட்டும் அசையாமல் தெளிவாக நின்றது. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் வளைய ஆரம்பித்தது. ஜன்னல் திரை, காலண்டர், சுவரில் விழுந்த வெயில் எல்லாம் குளத்தில் எழும் அலைபோல வட்டம் வட்டமாக அவளைச் சுற்றிப் போயின. முப்பத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்காரும் பெண் அவள். விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

"ஏனுங்க, என்னாச்சு? கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தாம் போச்சு" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

படத்தைக் கேமராவின் திரையில் காட்டினார். சாந்தாமணி மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நம்ம கடைல விக்கறமே, சாமி படத்துக்குப் பொறத்தால லைட்டு சுத்துமில்லீங்க? அதாட்ட இருக்குது" என்றாள். இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுப்பில் பருப்பு வைத்தது நினைவு வந்து எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து மயில்சாமி கடை திறக்கும் முன்பு கேமராவோடு கிளம்பினார். மார்கழி பிறந்திருந்தது. மூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கும் நேரம். இத்தனை வருஷம் எந்த மூட்டத்துக்குப் பயந்து பெட்டியைப் பூட்டினாரோ, அதற்குள்ளேயே இறங்கி நடந்தார். தண்டவாளத்தைக் கடக்கும் பெண்ணின் கையிலிருந்த பால்கேன் மட்டும் துலங்க, ஸ்டேஷன் அவளைச் சுற்றிக் கரைந்தது. ஒரு குதிரை ரோட்டோரம் நின்று தூங்கியது. அதன் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது, அதற்குப் பின்னால் சவுக்கு மரங்கள் சுழன்றன. தூரத்து மலை எதுவும் அந்த லென்ஸுக்குப் பிடிபடவில்லை. பத்தடிக்குள் வருவதை மட்டும் அது பிடித்துக்கொண்டது, மற்றதை விட்டுவிட்டது. சில காலைகளில் தான் நடக்கிறோமா, படுத்துக்கொண்டே நடப்பதாக நினைக்கிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கும் சத்தத்தில்தான் ஊர் திரும்ப நேராகும்.

பூங்கா வாசலில் படங்களைக் காட்டினார். பொன்ராஜ் நான்கு படம் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான்.

"முன் கண்ணாடியத் திருப்பிப் போட்டிருக்கீங்கண்ணா. நெட்ல பாத்திருக்கறன், வேணுமின்னே இப்படிப் பண்றவங்க உண்டு. அஞ்சு நிமிஷ வேலைங்க, சரி பண்ணிப்போடலாம்."

"தொட்டீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டனுங்கண்ணா" என்றாள் ரேகா மயில்சாமியிடம். அவள் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் எங்க எஸ்டேட்டுக்கு வாங்க. இசக்கியம்மாக்கா ரிட்டையர் ஆகறாங்க. இதுலயே ஒரு படம் எடுக்கோணும்."

தவறு என்று தெரிந்ததும் மயில்சாமிக்கு உள்ளே ஏதோ உறுத்தத் தொடங்கியது. புடைப்பு வெளியேதான் இருக்கும் என்று சாந்தாமணி சொன்னது சரி. சரியாக இருக்க வேண்டிய ஒன்றைத் தவறாக வைத்திருப்பது, செங்கல் சுவரை ஒன்பது வருஷம் சோதித்த மனுஷனுக்கு லேசான காரியம் இல்லை. இருந்தாலும் அவர் கவராயத்தை எடுக்கவில்லை. சனிக்கிழமை கொலக்கம்பை பஸ் ஏறினார்.

இசக்கியம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். பதினாறு வயதிலிருந்து இந்த மலையில் கொழுந்து பறிக்கிறார். அன்று அவருடைய கடைசி நாள். கூடையை இறக்காமலேயே செடிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

"எங்கிட்ட படம் இருக்குதுங்க ஐயா" என்றார். "ரேஷன் கார்டுல ஒண்ணு, ஓட்டு கார்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. எல்லாத்துலயும் செவுத்துக்கு முன்னாடி நிக்க வச்சுத்தான் புடிச்சாங்க. தோட்டத்துக்குள்ள நின்னு ஒண்ணும் இல்ல."

மூட்டம் செடிகளுக்கு மேலே இடுப்பளவு நின்றது. அதற்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் எல்லாம் பால் கலந்ததுபோல ஒளிர்ந்தது. மயில்சாமி வளையத்தைத் திருப்பினார். இசக்கியம்மாவின் முகம் எழுந்து வந்தது. கறுத்த, நேரான, சிரிக்காத முகம். கூடை தாங்கும் பட்டை அழுத்தி அழுத்தி நெற்றியில் விழுந்திருந்த கோடு. அவரைச் சுற்றித் தேயிலை வரிசைகளும் சில்வர் ஓக் மரங்களும் மற்றப் பெண்களின் சிவப்பு, நீலத் துண்டுகளும் வட்டமிடத் தொடங்கின. மயில்சாமி பொத்தானை அழுத்தினார்.

திரையைக் காட்டியதும் இசக்கியம்மா கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மற்றப் பெண்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"நான் நிக்கிறன். தோட்டம் போகுது" என்றார் இசக்கியம்மா. பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார். "கப்பல்ல வரக்குள்ளயும் இப்பிடித்தான் இருந்தது. அப்பா கையப் புடிச்சிக்கிட்டு நான் நிக்கிறன். கரைதான் போய்க்கொண்டு இருந்தது."

பெண்களில் ஒருத்தி, "எனக்கும் ஒண்ணு எடுங்கய்யா" என்றாள். அன்று மத்தியானம் கொழுந்தை எடை போடும் வரைக்கும் மயில்சாமி இருபத்துமூன்று பெண்களைப் படம் எடுத்தார். ஒன்பது வருஷத்தில் எடுத்த ஆட்களின் எண்ணிக்கையைவிட அது அதிகம்.

இசக்கியம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மயில்சாமியே கொண்டுபோய்க் கொடுத்தார். இசக்கியம்மாவின் மருமகன் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "ஓரமெல்லாம் கலங்கி இருக்குதுங்களே. வேற ஒண்ணு நல்லதா போட்டுத் தாங்களேன்" என்றான். இசக்கியம்மா படத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய் டிவிக்கு மேலே மாட்டினார்.

மாசியில் ஒரு நாள், வெயில் விழுந்த அதே மேஜையில், மயில்சாமி அந்த லென்ஸைத் திரும்பப் பிரித்துக் கண்ணாடியைச் சரியாக மாட்டினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. படம் நேரானது. சுழல் நின்றது. தூரத்து மலை திரும்ப வந்தது. பொன்ராஜ் தோளில் தட்டினான். ரேகா ஒரு வாரம் வாட்ஸ்அப்பில்கூடப் பதில் போடவில்லை. பிறகு அவளே வீட்டுக்கு வந்து, "ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"தெரியாமப் போட்டவரைக்கும் அது எனக்குக் கெடச்சது அம்மிணி. தெரிஞ்சப்பறமும் உட்டுவெச்சா, நானாப் புடிச்சு அதைய ஆட வெக்கறாப்டி இருக்குது."

ரேகாவுக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னாள். "நானா இருந்தா அப்படியே வெச்சிருப்பன்" என்றாள். மயில்சாமி உள்ளே போய் அந்த ரஷ்ய லென்ஸை எடுத்துவந்து, கவராயத்தோடு சேர்த்து அவள் மஃப்ளரில் வைத்தார்.

"உனக்கு எப்படி வேணுமோ அப்படிப் போட்டுக்க. தொப்பை உள்ள இருந்தா சுத்தும்."

அதற்குப் பிறகும் அவர் காலையில் நடப்பது நிற்கவில்லை. மீதிப் பத்திலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போகிறார். எந்தக் கண்ணாடியும் அந்த மார்கழியைப்போல அவரைச் சுற்றி ஊரைக் கரைத்ததில்லை. ஆனால் ஆட்களின் முகத்துக்குப் பத்தடி பக்கத்தில் போய் நிற்க அவர் கால் பழகிவிட்டது.

போன வாரம் சாந்தாமணியும் கூட வருகிறேன் என்றாள். இருவரும் கொலக்கம்பை பஸ் ஏறினார்கள். பாதி வழியில் மூட்டம் ஜன்னல் வழியாகப் பஸ்ஸுக்குள் புகுந்தது. கண்டக்டர் எல்லாரையும் ஷட்டரை இறக்கச் சொன்னார். சாந்தாமணி இறக்கவில்லை. மயில்சாமியின் மடியிலிருந்த கேமராவை எடுத்து, கண்ணில் வைக்காமலேயே இப்படியும் அப்படியும் நீட்டி, வரிசையாக அழுத்தினாள். முன் சீட்டின் முதுகு, கண்டக்டரின் முழங்கை, அவளுடைய சொந்தக் கட்டைவிரல் என்று முப்பது படங்கள் விழுந்தன.

"கை ஆடுது சாந்தா. கொஞ்சம் நிறுத்திப் புடி."

"ஆடட்டும். நீங்க சித்த தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் முகத்துக்கு நேராகக் கேமராவைத் திருப்பினாள்.